டெக்சாஸில் 'ஓப்பன் கேரி': துப்பாக்கி மசோதா சட்டமாகும் வழி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டெக்சாஸில் பல கடை வாசல்களில் ஒரு நீளமான போர்டு இருக்கும். ஓர் அங்குல உயர எழுத்து, ஆங்கிலத்தில் ஒரு பத்தி, ஸ்பானிஷில் ஒரு பத்தி, நடுவே 30.07 என்று ஓர் எண். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் அதை நிதானமாகப் படித்துவிட்டு, "அப்போ இந்தப் போர்டு இல்லாத கடைக்குள்ள துப்பாக்கியை இடுப்புல மாட்டிக்கிட்டு வரலாமா மாப்பிள்ளை?" என்று கேட்டார். வரலாம் என்றேன். "இதுக்கெல்லாம் யாரு ஓட்டுப் போட்டது?" என்றார் அடுத்து. அதற்குப் பதில் சொல்லி முடிக்க ஒரு சாயங்காலம் ஆனது. அவர் கேட்டதையும் பிறகு நண்பர்கள் கேட்டதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் 2015-ல் நிறைவேறிய எச்.பி. 910 (எச்.பி. என்றால் ஹவுஸ் பில், கீழவை மசோதா; எஸ்.பி. என்றால் செனட் மசோதா) என்ற மசோதாவைப் பின்தொடர்ந்தே போகிறேன். மற்ற மாநிலங்களை இடையில் தொட்டுக்கொள்கிறேன்.

ஓப்பன் கேரி என்றால் என்ன?

பொது இடத்தில் துப்பாக்கியை மற்றவர் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு போவது. சட்டைக்குள்ளோ பைக்குள்ளோ மறைத்து எடுத்துப்போனால் அது 'கன்சீல்டு கேரி'. இரண்டுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனி வரலாறு.

டெக்சாஸ் கௌபாய் ஊராயிற்றே, அங்கே இது எப்போதும் சட்டப்படி சரிதானே?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறு. உள்நாட்டுப் போர் முடிந்த சில ஆண்டுகளில், 1871-லேயே, கைத்துப்பாக்கியோடு பொது இடத்தில் திரிவதை டெக்சாஸ் தடை செய்துவிட்டது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தடை நின்றது. வேடிக்கை என்னவென்றால், ரைஃபிள் மாதிரி நீளத் துப்பாக்கிகளுக்கு அப்படிப்பட்ட தடை இல்லை. தோளில் ரைஃபிளைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் போகலாம், இடுப்பில் ஒரு கைத்துப்பாக்கி தெரிந்தால் குற்றம்.

முதல் விரிசல் மறைத்து எடுத்துச் செல்வதில்தான் வந்தது. 1991 அக்டோபரில் கில்லீன் நகரில் லூபிஸ் என்ற உணவகத்துக்குள் ஒருவன் வண்டியோடு புகுந்து 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அன்று அங்கே பெற்றோரைக் கண்ணெதிரே பறிகொடுத்தவர் சுசானா ஹப். சட்டத்துக்குப் பயந்து தன் துப்பாக்கியைக் காரிலேயே விட்டுவிட்டு வந்ததாக அவர் ஊர் ஊராகச் சொன்னார். பின்னாளில் அவரே சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். 1993-ல் இது பற்றிய மசோதா ஒன்றை அப்போதைய ஆளுநர் ஆன் ரிச்சர்ட்ஸ் ரத்து செய்தார். அடுத்த ஆண்டு தேர்தலில் அவரைத் தோற்கடித்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 1995-ல் கையெழுத்திட்டார். லைசென்ஸ் வாங்கியவர் மறைத்து எடுத்துச் செல்லலாம் என்றானது. வெளியே தெரிய எடுத்துப்போக மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

அந்தச் சட்டமன்றம் எப்படிப்பட்டது?

கீழவையான பிரதிநிதிகள் அவையில் 150 பேர், மேலவையான செனட்டில் 31 பேர். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் கூடும். ஒற்றைப்படை ஆண்டின் ஜனவரியில் இரண்டாம் செவ்வாய்க்கிழமை தொடங்கி 140 நாள், அவ்வளவுதான். உறுப்பினரின் மாதச் சம்பளம் 600 டாலர், கூட்டம் நடக்கும் நாட்களுக்குப் படி தனி. அதனால் எல்லோருக்கும் வேறு தொழில் உண்டு. வக்கீல், டாக்டர், பண்ணைக்காரர் என்று.

இந்த 140 நாள் கணக்கைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும். 2015-ல் 6,000-க்கு மேல் மசோதாக்கள் தாக்கலாயின. தேறியவை 1,300 சொச்சம். மிச்சத்தில் பெரும்பாலானவை யாரும் எதிர்த்து ஓட்டுப் போட்டுத் தோற்றவை அல்ல. முறை வருவதற்குள் நாள் முடிந்து போனவை. அதிலும் முதல் 60 நாளுக்கு, ஆளுநர் அவசரம் என்று அறிவித்த விஷயங்கள் தவிர மற்றவற்றை நிறைவேற்ற அரசியல் சாசனமே முட்டுக்கட்டை போடுகிறது.

மசோதாவை யார் கொண்டுவருவார்கள்?

எந்த உறுப்பினரும் கொண்டுவரலாம். எச்.பி. 910-ன் ஆசிரியர் ஷெர்மன் நகரத்துக் குடியரசுக் கட்சிக்காரர் லாரி பிலிப்ஸ். அதே விஷயத்தை செனட்டில் எஸ்.பி. 17 என்று கிரெய்க் எஸ்டஸ் கொண்டுவந்தார்.

ஒரே விஷயத்துக்கு ஏன் இரண்டு மசோதா?

ஒன்று எங்காவது சிக்கிக்கொண்டால் இன்னொன்று ஓடட்டும் என்றுதான். இரு அவையும் ஒரே மசோதாவை, ஒரே சொற்களில் ஏற்க வேண்டும். எஸ்.பி. 17 மார்ச் 16-ல், அதாவது அறுபது நாள் முடிந்த அடுத்த திங்கட்கிழமையே செனட்டில் தேறிவிட்டது. கடைசியில் சட்டமானது என்னவோ பின்னால் வந்த 910-தான்.

கமிட்டியில் என்ன நடக்கும்?

தாக்கலான மசோதாவைக் கீழவையில் சபாநாயகரும், செனட்டில் துணை ஆளுநரும் ஏதாவது ஒரு கமிட்டிக்கு அனுப்புவார்கள். அங்கே பொது விசாரணை நடக்கும். யார் வேண்டுமானாலும் வந்து பெயர் பதிந்து, ஆதரவா, எதிர்ப்பா, சும்மா தகவலா என்று குறித்துவிட்டு, இரண்டு மூன்று நிமிடம் பேசலாம். துப்பாக்கி மசோதா என்றால் கூட்டம் நிரம்பி வழியும். இம்முறை ஆஸ்டின் போலீஸ் தலைவராக இருந்த ஆர்ட் அசெவேடோ போன்றவர்கள் எதிர்த்துப் பேசினார்கள்.

ஆனால் பேச்சைவிட முக்கியம், விசாரணைக்கு நாள் குறிப்பது யார் என்பது. அது கமிட்டித் தலைவர். அவர் நாள் குறிக்காவிட்டால் மசோதா அங்கேயே கிடந்து சாகும். எவரும் கேள்வி கேட்க முடியாது. 910 போனது உள்நாட்டுப் பாதுகாப்பு, பொதுப் பாதுகாப்புக் கமிட்டிக்கு. அதன் தலைவர் வேறு யாருமில்லை, மசோதாவை எழுதிய லாரி பிலிப்ஸேதான். பரீட்சை எழுதுபவரே பேப்பர் திருத்துகிற மாதிரி என்று மாமனார் சிரித்தார்.

இதற்கு எதிர்ப்பக்கத்தைப் பார்க்க ஃபுளோரிடாவுக்குப் போக வேண்டும். அங்கே 2016-ல் ஓப்பன் கேரி மசோதாவை கீழவையில் மாட் கேட்ஸும், செனட்டில் அவருடைய அப்பா டான் கேட்ஸும் கொண்டுவந்தார்கள். கீழவையில் தேறியது. செனட்டின் நீதித்துறைக் கமிட்டித் தலைவர் மிகெல் தியாஸ் டி லா போர்ட்டிலா விசாரணைக்கே எடுக்கவில்லை. இத்தனைக்கும் அவரும் அதே கட்சிதான். கதை முடிந்தது.

டெக்சாஸ் செனட்டில் பெரும்பான்மை இருந்தும் முன்பெல்லாம் ஏன் நிறைவேறவில்லை?

இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

செனட் விதிப்படி, மசோதாக்களைக் கமிட்டியிலிருந்து வந்த வரிசையில்தான் எடுக்க வேண்டும். அதனால் கூட்டத்தொடர் தொடங்கியதும் யாருக்கும் அக்கறையில்லாத ஒரு மசோதாவைக் கொண்டுவந்து வரிசையின் முதலில் நிறுத்திவிடுவார்கள். கவுண்டிப் பூங்காக்களை அழகுபடுத்தும் திட்டம் என்று ஒன்று இதற்கென்றே திரும்பத் திரும்ப வரும். அதை நிறைவேற்றும் எண்ணம் எவருக்கும் கிடையாது. டிக்கெட் கவுன்டரில் முதல் ஆளாக நின்றுகொண்டு டிக்கெட்டும் வாங்காமல் நகரவும் மாட்டாமல் நிற்கிறவர் மாதிரி. அவரைத் தாண்டிப் போக வேண்டுமானால் வரிசை விதியைத் தளர்த்த வேண்டும், அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். 31-ல் 21.

2015-ல் குடியரசுக் கட்சிக்கு இருந்தது 20. ஜனநாயகக் கட்சியின் 11 பேரும் ஒன்றாக நின்றால் எந்த மசோதாவும் நகராது. ஒரே ஓர் ஓட்டு. அந்த ஜனவரியில் புதிதாகத் துணை ஆளுநரான டான் பேட்ரிக் முதல் வேலையாக அந்த விதியை ஐந்தில் மூன்று பங்கு என்று மாற்றவைத்தார். 31-ல் 19 போதும் என்றானது. ஓப்பன் கேரி விவாதத்துக்கு வருவதற்கு முன்பே அதன் கதவு திறக்கப்பட்டுவிட்டது. மார்ச்சில் எஸ்.பி. 17 தேறியபோது ஓட்டு 20-க்கு 11. கட்சிக் கணக்கு அப்படியே.

இத்தனைக்கும் அதே பேட்ரிக் ஜனவரியில், ஓப்பன் கேரிக்குப் போதிய ஓட்டு இருப்பதாகத் தெரியவில்லை என்று ஒரு மேடையில் சொல்லி, சொந்த ஆதரவாளர்களிடமே வாங்கிக் கட்டிக்கொண்டார்.

எதிர்ப்பவர்களுக்கு வேறு ஆயுதமே இல்லையா?

இருக்கிறது. கடிகாரம். ஏப்ரல் நடுவில் 910 கீழவை விவாதத்துக்கு வந்த அன்று, சான் அன்டோனியோவின் ட்ரே மார்ட்டினெஸ் ஃபிஷர் ஓர் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார். நடைமுறையில் ஒரு தவறு இருக்கிறது என்பதே வாதம். துப்பாக்கி பற்றி ஒரு வார்த்தை இல்லை. மசோதா மறுபடி கமிட்டிக்குத் திரும்பியது. சில நாளில் சரிசெய்துகொண்டு வந்துவிட்டார்கள். ஏப்ரலில் என்றால் சில நாள்தான் நஷ்டம். இதே அடி மே கடைசியில் விழுந்திருந்தால் மசோதா எழுந்திருக்கவே முடியாது.

திருத்தங்கள் பற்றி? அதில்தான் மசோதா கவிழப் பார்த்தது என்கிறார்களே?

ஆமாம். நான் பார்த்த சட்டமன்ற நாடகங்களில் இதைப் போல ஒன்றில்லை.

பிரச்சினை இதுதான். லைசென்ஸ் உள்ளவர் இடுப்பில் துப்பாக்கி தெரியப் போகலாம் என்றாகிறது. எதிரே வரும் போலீஸ்காரருக்கு அவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? நிறுத்திக் கேட்கலாமா? ஹூஸ்டனின் ஹெரால்டு டட்டன், கறுப்பினத்தவர், ஜனநாயகக் கட்சி, ஒரு திருத்தம் கொண்டுவந்தார். துப்பாக்கி தெரிகிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரை நிறுத்தி லைசென்ஸ் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்கும் அதிகாரம் கொடுத்தால் யாரை நிறுத்துவார்கள் என்று அவருக்குத் தெரியும். அவர் தொகுதிக்காரர்களுக்கும் தெரியும். இன்னொரு பக்கம், தீவிர வலதுசாரி உறுப்பினர்களுக்கும் இது இனித்தது. சும்மா போகிறவனை அரசாங்கம் நிறுத்திக் காகிதம் கேட்பதா என்பது அவர்கள் கோபம். வேறு எதிலும் ஒன்றுசேராத இரு கூட்டமும் ஒரே பொத்தானை அழுத்தின. திருத்தம் மசோதாவில் ஏறியது.

செனட் கமிட்டி அதை வெட்டியது. செனட் அவையில் டல்லஸின் டான் ஹஃபைன்ஸ், இவர் குடியரசுக் கட்சி, கிட்டத்தட்ட அதே வாசகத்தை மறுபடி ஒட்டவைத்தார். அதற்குள் போலீஸ் அமைப்புகள் விழித்துக்கொண்டன. இது எங்கள் கையைக் கட்டிப்போடும் வேலை என்று எதிர்த்து நின்றன. மே 27-ல் மசோதா கீழவைக்குத் திரும்பியபோது, செனட் ஒட்டியதை ஏற்கக் கீழவை மறுத்தது. ஏப்ரலில் தானே சேர்த்த விஷயத்தை மே மாதம் தானே வேண்டாம் என்றது.

இரு அவைக்கும் ஒத்துவராதபோது தலா ஐந்து பேர் கொண்ட கூட்டுக் கமிட்டி உட்காரும். அது அந்தத் திருத்தத்தை எடுத்துவிட்டது. மே 29 வெள்ளிக்கிழமை, செனட்டில் 20-க்கு 11, கீழவையில் 102-க்கு 43. கூட்டத்தொடர் முடிய அப்போது மூன்றே நாள்.

துப்பாக்கி ஆதரவு இயக்கங்கள்தான் இதைச் சாதித்தனவா?

பாதி உண்மை. கூட்டத்தொடரின் முதல் நாளே, ஜனவரி 13-ல், ஓப்பன் கேரி ஆர்வலர்கள் சிலர் ஈகிள் பாஸ் தொகுதியின் போன்ச்சோ நெவாரெஸ் அலுவலகத்துக்குள் போய் அவரோடு தகராறு செய்தார்கள். வெளியே போங்கள் என்று அவர் சொல்லியும் நகரவில்லை. அந்த வீடியோ பரவியது. விளைவு, உறுப்பினர்கள் தங்கள் அறைகளில் ஆபத்துப் பொத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று கீழவை தீர்மானம் போட்டது. மசோதாவை ஆதரித்தவர்களுக்கே அந்த வாரம் தர்மசங்கடம். என் கணக்கில், கத்தியவர்களைவிட, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உள்கட்சித் தேர்தலை எண்ணிப் பார்த்த உறுப்பினர்களின் பயம்தான் அதிகம் வேலை செய்தது.

சட்டமன்றக் கட்டடத்துக்குள் துப்பாக்கியோடு போகலாமா?

டெக்சாஸில் லைசென்ஸ் இருந்தால் போகலாம். அதைவிட, லைசென்ஸைக் காட்டினால் மெட்டல் டிடெக்டர் வரிசையில் நிற்காமல் உள்ளே போகத் தனி வழி உண்டு. துப்பாக்கியே இல்லாத லாபிக்காரர்களும் நிருபர்களும் இந்த வரிசையைத் தவிர்க்கவே லைசென்ஸ் எடுத்த கதை ஆஸ்டினில் பிரசித்தம்.

ஆளுநர் கையெழுத்து போடாவிட்டால்?

முதலில் ஒன்று. அங்கே ஆளுநர் என்பவர் மக்கள் ஓட்டில் வருகிறவர். நம் ஊர் முதல்வர் இடத்தில் வைத்துப் பாருங்கள், ராஜ்பவன் இடத்தில் அல்ல. கூட்டத்தொடர் நடக்கும்போது அவருக்குப் பத்து நாள் அவகாசம், கூட்டத்தொடர் முடிந்த பிறகென்றால் இருபது நாள். அதற்குள் ரத்து செய்யாவிட்டால் கையெழுத்து இல்லாமலே சட்டமாகிவிடும். கிடப்பில் போட வழியில்லை. அதே சமயம், எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு ரத்து செய்தால் அதைத் தோற்கடிக்க அவை இருக்காது. கடைசி நேரத்தில் தேறும் மசோதாக்களுக்கு அந்தக் கண்டம் உண்டு.

910-க்கு அந்தப் பயமே இல்லை. ஆளுநர் கிரெக் அபட் ஜூன் 13-ல் ஃப்ளூகர்வில் என்ற ஊரில் ஒரு துப்பாக்கிப் பயிற்சிக் கூடத்தில் வைத்து கையெழுத்திட்டார். 2016 ஜனவரி 1 முதல் அமல்.

சட்டம் வந்த பிறகு என்ன மாறியது?

லைசென்ஸ் வேண்டும், துப்பாக்கி தோள்பட்டை உறையிலோ பெல்ட் உறையிலோ இருக்க வேண்டும். கடைக்காரர் வேண்டாம் என்றால் 30.07 போர்டு வைக்கலாம். மறைத்து எடுத்து வருவதையும் தடுக்க 30.06 என்று தனி போர்டு. தண்டனைச் சட்டப் பிரிவின் எண்கள்தான் இவை. எழுத்தின் உயரம் வரை சட்டத்திலேயே இருக்கிறது. வருமானத்தில் பாதிக்கு மேல் மது விற்பனையில் வரும் கடைகளில் சிவப்பில் 51 சதவீதம் என்று எழுதிய போர்டு தொங்கும். அங்கே எதுவும் கூடாது. வாட்டாபர்கர் போன்ற ஊர்ப்பெருமைக் கடைகளே ஓப்பன் கேரி வேண்டாம் என்று சொன்னதுதான் பலருக்கு ஆச்சரியம்.

தெருவில் திடீரென்று எல்லோர் இடுப்பிலும் துப்பாக்கி முளைக்கவில்லை. நான் பார்த்த வரையில், மாதக் கணக்கில் ஒருவரைக்கூடக் காணாமல் போவதுண்டு.

இப்போதும் லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டாம். 2021-ல் எச்.பி. 1927 வந்தது. டைலர் நகரத்து மாட் ஷேஃபர் எழுதியது. 21 வயதான, துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டத் தடை எதுவும் இல்லாத ஒருவர் லைசென்ஸோ பயிற்சி வகுப்போ இல்லாமலே எடுத்துச் செல்லலாம். 2021 செப்டம்பர் 1 முதல் அமல்.

பூங்கா மசோதா கதை நினைவிருக்கிறதா? 2021-ல் குடியரசுக் கட்சியின் பலம் செனட்டில் 18 ஆகக் குறைந்துவிட்டது. 19 என்ற விதி இருந்தால் மாட்டிக்கொள்வார்கள். அந்த ஜனவரியில் விதி ஒன்பதில் ஐந்து பங்கு என்று மறுபடி மாறியது; அதாவது 18. மே மாதம் 1927 செனட்டில் தேறிய கணக்கு 18-க்கு 13. இந்த முறை மசோதாவை அனுப்பவே புதிதாக ஒரு சிறப்புக் கமிட்டியையும் பேட்ரிக் உருவாக்கினார்.

இந்தச் சட்டங்கள் எப்போதும் தளர்வாகவே போகுமா?

இல்லை. கலிஃபோர்னியாவைப் பாருங்கள். 1967 மே 2 அன்று கறுப்புச் சிறுத்தைகள் இயக்கத்தினர் சுமார் முப்பது பேர் துப்பாக்கிகளோடு சேக்ரமென்டோ சட்டமன்றத்துக்குள் நடந்து போனார்கள். குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு பொது இடத்தில் வருவதைத் தடுக்கும் டான் மல்ஃபர்டின் மசோதாவை எதிர்த்துத்தான் போனார்கள். மசோதா நிற்கவில்லை, வேகமெடுத்தது. கையெழுத்திட்டவர் அப்போது அங்கே ஆளுநராக இருந்த ரொனால்டு ரீகன். துப்பாக்கி யார் கையில் தெரிகிறது என்பதைப் பொறுத்து சட்டமன்றங்களின் வேகம் மாறுகிறது என்பதற்கு இதைவிடப் பச்சையான உதாரணம் வேண்டாம். 2011-ல் அதே மாநிலம் குண்டில்லாத கைத்துப்பாக்கியை வெளிப்படையாக எடுத்துப் போவதையும் தடை செய்தது.

சட்டமன்றம் மறுத்தால் அதோடு முடிந்ததா?

கோர்ட் இருக்கிறது. ஃபுளோரிடாவில் கமிட்டியிலேயே செத்துப்போன விஷயம் 2025 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றின் தீர்ப்பால் உயிர் பெற்றது. 1987 முதல் இருந்த ஓப்பன் கேரி தடை செல்லாது என்றது அந்தத் தீர்ப்பு. அதற்கு அடித்தளம் 2022-ல் நியூயார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்வதும் அரசியல் சாசன உரிமை என்றும், தடைச் சட்டங்கள் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்றும் அது தீர்ப்பளித்திருந்தது.

நான் எச்-1பி விசாவில் டெக்சாஸில் இருக்கிறேன். எனக்கும் பொருந்துமா?

அவசரப்படாதீர்கள். மாநிலச் சட்டம் எவ்வளவு தளர்ந்தாலும், குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதே மத்தியச் சட்டப்படி பொதுவாகத் தடை. வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் உண்டு. எச்-1பி-காரரின் குடும்பத்துக்குக் கொடுக்கும் எச்-4-க்கும் இதே நிலைதான். கிரீன் கார்டு இருந்தால் இந்தத் தடை இல்லை. நண்பர் அழைத்தார் என்று பயிற்சிக் கூடத்துக்குப் போவதற்கு முன்னால்கூட ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஓட்டு இல்லாத நான் கருத்தாவது சொல்ல முடியுமா?

முடியும். கமிட்டி விசாரணையில் பேசக் குடியுரிமை கேட்பதில்லை. கட்டடத்திலேயே இருக்கும் திரையில் பெயர், மசோதா எண், ஆதரவா எதிர்ப்பா என்று பதிய வேண்டும். முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். இரவு பத்து மணி ஆகலாம், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். நேரில் போக முடியாத டெக்சாஸ்வாசிகள் கீழவைக் கமிட்டிகளுக்கு இணையத்தில் எழுதியும் அனுப்பலாம். அடுத்த கூட்டத்தொடர் 2027 ஜனவரி 12 செவ்வாய்க்கிழமை தொடங்குகிறது. ஆனால் மசோதாக்களை அதற்கு முந்தைய நவம்பர் தேர்தல் முடிந்த கையோடு தாக்கல் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள்.